தொட்டில் பிள்ளையும் ஓர் ஆள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குழந்தைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தை நலம் பற்றி ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவாவது நடக்க வேண்டும் என்று எண்ணி, அதற்கென ஒரு வைப்புத் தொகையை ஒதுக்கிய உள்ளங்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். குழந்தை நலம் என்றதும் நமக்கு ஊட்டச்சத்து நினைவுக்கு வரும். தடுப்பூசி, முன்பருவக் கல்வி நினைவுக்கு வரும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டிய ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அரசு ஒரு குழந்தைக்கு எதையாவது தர வேண்டுமானால், அப்படி ஒரு குழந்தை இருப்பது முதலில் அதற்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்கிற பெரிய ஏற்பாடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

நம் நாட்டில் கடைசியாக அது நடந்தது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூன் 16 அன்று வெளியானது. 2027 மார்ச் 1 நள்ளிரவு 12 மணி அதன் கணக்கு நேரம். லடாக்குக்கும் பனி மூடும் இமயப் பகுதிகளுக்கும் மட்டும் 2026 அக்டோபர் 1. ஏறக்குறைய 30 லட்சம் பேர் களத்தில் இறங்குகிற பணி இது. சாதி விவரம் கேட்கப்படுவது பற்றியும், எல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிவாவது பற்றியும் நாடெங்கும் பேச்சு நடக்கிறது. நடக்க வேண்டியதுதான். ஆனால் எந்தக் கணக்கெடுப்பிலும் எளிதில் விட்டுப்போகிறவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அவர்களுக்காகப் பேசுவோர் மிகக் குறைவு. அதனால்தான் இந்தத் தலைப்பு.

1. இரண்டு அட்டவணைகள் சொல்வது

குழந்தைகள் விட்டுப்போகிறார்கள் என்பதற்கு என்ன சான்று? விட்டுப்போனவரை எப்படி எண்ணுவது? மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். இரண்டு கணக்கெடுப்புகளின் வயது அட்டவணைகளை அருகருகே வைத்தால் போதும்.

2001 கணக்கெடுப்பின்படி 0 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் 11.04 கோடி. பத்து ஆண்டு கழித்து, 2011இல் அதே பிள்ளைகள் 10 முதல் 14 வயதில் இருப்பார்கள். பத்தாண்டில் நோயாலும் விபத்தாலும் சிலர் இறந்திருப்பார்கள். ஆகவே எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2011இல் 10–14 வயதினர் 13.27 கோடி. குறைய வேண்டிய தொகை 2.2 கோடி கூடியிருக்கிறது. இத்தனை கோடிப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவில்லை.

இந்த 2.2 கோடியும் விடுபட்ட குழந்தைகள்தான் என்று நான் சொல்லவில்லை. வயதைச் சொல்வதிலும் பிழை உண்டு. நான்கு முடிந்த பிள்ளைக்கு “அஞ்சு நடக்குது” என்று வீட்டில் சொல்வார்கள். அது ஐந்தாகவே பதிவாகிவிடும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பத்து என்று முழுமையாக்கிச் சொல்வதும் வழக்கம். இந்தப் பிழையை ஓரளவு விலக்கிப் பார்க்க, வயதுத் தொகுப்பை அகலமாக்கலாம். 2001இல் 0–9 வயதினர் 23.88 கோடி. 2011இல் 10–19 வயதினர் 25.32 கோடி. அப்போதும் 1.4 கோடிக்கு மேல் கூடுதலாக நிற்கிறது. வயதுப் பிழைக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஒரு பெரிய பகுதி மிஞ்சும். அவர்கள் 2001இலும் இதே நாட்டில்தான் இருந்தார்கள், எண்ணப்படவில்லை.

கணக்கெடுப்பு முடிந்ததும் அரசே ஒரு மாதிரி ஆய்வு நடத்தித் தன் பிழையை அளந்து பார்க்கிறது. 2011க்குப் பின் நடந்த அந்த ஆய்வில், நிகரமாக ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரியவந்தது. 2001லும் ஏறக்குறைய அதே அளவு. இத்தனை பெரிய நாட்டில் இது நல்ல தரமான வேலை என்றே சொல்ல வேண்டும். எல்லா வயதினருக்கும் சேர்த்துப் போட்ட சராசரி அது. சராசரிக்குள் யார் மறைந்து நிற்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

2. வாசலில் நடப்பது

கணக்கெடுப்பாளர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். ஒரு கொங்கு நாட்டுக் கிராமத்து வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் மாமியார் அம்மாள். கேட்கிறவர் உள்ளூர்ப் பள்ளியின் ஆசிரியை.

“வீட்டுல எத்தன பேருங்கம்மா?”

அந்த அம்மாள் ரேஷன் கார்டை எடுத்துக் கையில் கொடுக்கிறார். “இதுல இருக்கறவங்கதானுங்க டீச்சர்.”

“மருமக எங்கீங்க?”

“பிரசவத்துக்குப் பொறந்த வூட்டுக்குப் போயிருக்கறாளுங்க. கொழந்தை பொறந்து நாப்பது நாளாச்சு. இன்னும் பேரு வெக்கலீங்க. அஞ்சாம் மாசந்தான் அழைச்சிட்டு வரோணும்.”

ஆசிரியை அடுத்த பெயருக்குப் போகிறார். அதே வாரம், இருபது மைல் தள்ளி, தாய்வீட்டு வாசலிலும் ஒருவர் கேட்கிறார். அங்கே பாட்டி சொல்வது வேறு: “அது கட்டிக் குடுத்த புள்ளைங்க. அவுங்க வூட்டுல எழுதியிருப்பாங்க.” தாயும் சேயும் இரண்டு வீட்டிலும் எழுதப்படவில்லை. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை. இரண்டு குடும்பமும் அந்தக் குழந்தையைக் கொண்டாடுகின்றன. அப்படியிருந்தும் நாட்டின் கணக்கில் அது இல்லை.

விதி தெளிவாகவே இருக்கிறது. 2011இல் கணக்கெடுப்புக் காலம் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுவதும் ஒருவர் வழக்கமான வீட்டில் இல்லாமல் வேறிடத்திலேயே தங்கியிருந்தால், அவரைத் தங்கியிருக்கும் இடத்தில் எழுத வேண்டும். இடையில் சில நாளாவது தம் வீட்டில் இருந்திருந்தால் அங்கே எழுத வேண்டும். ஆகவே தாய்வீட்டிலேயே மாதம் முழுவதும் இருக்கிற பெண்ணையும் குழந்தையையும் தாய்வீட்டில்தான் எழுத வேண்டும். இந்த விதி கையேட்டில் இருக்கிறது, பாட்டிக்குத் தெரியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் வழக்கம் உள்ள நம் மாநிலத்தில் இது தெருவுக்குத் தெரு நடக்கக்கூடியது.

மேலே சொன்ன உரையாடலுக்குள் இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, ரேஷன் கார்டு. குடும்பம் என்றால் கார்டில் உள்ள பெயர்கள் என்று நாம் பழகிவிட்டோம். புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைக் கார்டில் சேர்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சில வீடுகளில் பள்ளியில் சேர்க்கும் வரை அந்த நினைப்பே வராது. கார்டைப் பார்த்து எழுதுகிற கணக்கில் கைக்குழந்தை இருக்காது. மற்றொன்று, பெயர் வைக்காதது. பெயர் இல்லாத ஒருவரை எழுதத் தயங்குவது இயல்பு. இன்னாருடைய மகள், இன்னாருடைய மகன் என்று எழுதிக்கொண்டால் போதும். ஒரு வயது நிறையாத குழந்தையின் வயதுக் கட்டத்தில் பூச்சியம் போட வேண்டும்.

வேறு வகைக் குழந்தைகளும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். பிப்ரவரி மாதம் சூளை வேலை மும்முரமாக நடக்கும் காலம். விடியுமுன்பே தாய் தகப்பன் கல் அறுக்கப் போய்விடுவார்கள். பிள்ளை குடிசை வாசலில் இருக்கும். சொந்த ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். இங்கே கேட்பவருக்கும் சொல்பவருக்கும் மொழி ஒத்துவராது. கரும்பு வெட்டப் போகிறவர்கள், மேம்பாலத்தடியில் படுக்கிறவர்கள் நிலையும் இதுதான். வீடற்றோரை எண்ணுவதற்கென்று பிப்ரவரி 28 இரவு ஒதுக்கப்படுகிறது. 2011இல் அந்த ஓர் இரவில் எழுதப்பட்டவர்கள் 17.7 லட்சம் பேர். மருத்துவமனைகள், காப்பகங்கள், தாயோடு சிறையில் வாழும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று நீளும் பட்டியலை மறந்துவிடக் கூடாது.

அச்சத்தால் மறைக்கப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பதினெட்டு நிறையாத பெண் தாயாகியிருந்தால் வீட்டார் வாய் திறக்கமாட்டார்கள். இவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கவும் முடியாது என்கிறது. இந்த உறுதியை வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்லாதவரை, அது சட்டப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும்.

3. பிற நாடுகளின் பட்டறிவு

நம்மைவிடப் பணமும் வசதியும் மிகுந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். 2010 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நிகரமாக 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் குழந்தைகள் விடுபட்டதாக அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே அறிவித்தது. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுக் கண்ட முடிவு அது. தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைகளும், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாழும் வீட்டுப் பிள்ளைகளும் அதிகம் விடுபட்டார்கள். அந்த ஆண்டுப் படிவத்தில் முழு விவரம் எழுத ஆறு பேருக்கே இடம் இருந்தது. பெரிய குடும்பத்தில் கடைசியாக எழுதப்படுவது கடைக்குட்டி. இடம் முடிந்தபோது விட்டுப்போனதும் அதுதான்.

2020இல் படிவத்திலேயே பச்சிளங்குழந்தைகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள் என்று நினைவூட்டினார்கள். பெருந்தொற்று ஆண்டில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் விடுபட்ட அளவு 5 விழுக்காட்டையும் தாண்டிவிட்டது. படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பது இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். ஆள் நேரில் நின்று கேட்க வேண்டும்.

சீனாவில் காரணம் வேறு. 2000இல் 0–4 வயதினர் 6.90 கோடி, 2010இல் 10–14 வயதினர் 7.49 கோடி. ஒரு குழந்தைக் கொள்கையின் தண்டனைக்கு அஞ்சிய குடும்பங்கள் பிள்ளைகளைக் கணக்கில் காட்டாமல் வளர்த்ததும் அந்த இடைவெளிக்குப் பெரிய காரணம். பிள்ளை பெற்றதற்குத் தண்டனை விதிக்கும் அரசுக்கு அந்தப் பிள்ளையின் கணக்கும் கிடைக்காது.

4. விடுபட்டால் என்ன ஆகும்?

‘ஒரு கைக்குழந்தையை எழுதாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடு முழுவதும் விரிந்திருக்கிறது. ஓர் அங்கன்வாடி மையம் எத்தனை பேருக்கு என்பதற்கு விதி உண்டு: 400 முதல் 800 வரை மக்கள்தொகைக்கு ஒன்று. அந்த மக்கள்தொகை எங்கிருந்து வருகிறது? கணக்கெடுப்பிலிருந்து. ஒரு குடியிருப்பில் பிள்ளைகள் குறைத்து எண்ணப்பட்டால், அங்கே மையம் தள்ளிப்போகலாம். ஒரே மையத்தில் கூட்டம் நெரியலாம்.

தடுப்பூசியைப் பாருங்கள். இத்தனை குழந்தைகளில் இத்தனை பேருக்குப் போட்டாயிற்று என்று விழுக்காடு போடுகிறோம். குழந்தைகளின் தொகையே குறைவாக இருந்தால், நூற்றுக்கு நூறு என்றும் அதற்கு மேலும் கணக்கு காட்டும். அதிகாரிகள் நிம்மதியாகக் கோப்பை மூடுவார்கள். ஊசி போடாத குழந்தைகள் ஊரில் இருப்பார்கள். ஒரு நாள் தட்டம்மை வந்து அவர்களைத் தேடிப் பிடிக்கும்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரகத்தில் 75 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் 50 விழுக்காட்டினருக்கும் தானியம் உறுதி செய்கிறது. 2011 கணக்கின்படி அது 81 கோடிப் பேர். அதற்குப் பின் மக்கள்தொகை வளர்ந்தும் ஒதுக்கீடு அங்கேயே நின்றது. பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் வெளியே நிற்கிறார்கள் என்று பொருளியலாளர் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் மற்றவர்களும் 2020இலேயே சுட்டிக்காட்டினார்கள். அனைவருக்குமான பொது விநியோகம் உள்ள தமிழ்நாட்டில் இதன் அடி அவ்வளவாகத் தெரியவில்லை. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் புதிதாகப் பிறந்த பிள்ளையின் பெயரை அட்டையில் சேர்க்கப் போனவர்களுக்கு அது தெரியும்.

பெண் குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 0–6 வயதில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற விகிதம் நாட்டளவில் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919 என்று சரிந்துகொண்டே வந்தது. கருவிலேயே அழிக்கப்பட்டதால் இல்லாமற்போன பெண் குழந்தை வேறு. வீட்டில் இருந்தும் எழுதப்படாத பெண் குழந்தை வேறு. எண்ணிக்கை துல்லியமாக இல்லாவிட்டால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரித்தறியாமல் எந்த மாவட்டத்தில் ஸ்கேன் மையங்களைச் சோதிக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

வளர்ந்த ஒருவர் ஒரு கணக்கெடுப்பில் விடுபட்டால் வாக்காளர் பட்டியலில் இருப்பார், வங்கியில் இருப்பார், சங்கத்தில் இருப்பார். தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க அவருக்கு வாய் இருக்கிறது. குழந்தைக்கு வாக்கும் இல்லை, குரலும் இல்லை. விடுபட்ட பிள்ளை அடுத்த கணக்கெடுப்பில் பெரும்பாலும் அகப்படும். அப்போது அதற்குப் பத்து வயதுக்கு மேல். மூன்று வயதில் கொடுத்திருக்க வேண்டிய முட்டையையும் சத்துமாவையும் பதின்மூன்று வயதில் கொடுத்து ஈடுகட்ட முடியாது. மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி நடக்கிற வயதும், கணக்கெடுப்பில் அதிகம் விட்டுப்போகிற வயதும் ஒன்றாக இருப்பதே இதில் உள்ள கொடுமை.

5. நம்மால் முடியும் என்பதற்குச் சான்று

ஒவ்வொரு குழந்தையையும் தேடிக் கண்டுபிடிப்பது இந்த நாட்டில் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் போலியோவை நினைவூட்டுங்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரசால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம் பகுதிக்குப் போலியோ ஒழிந்த சான்றிதழ் தந்தது.

இதைச் சாதித்தது மருந்து மட்டுமன்று. வீடு வீடாகப் போன பணியாளர்கள் “எத்தனை பேர்?” என்று கேட்கவில்லை, “அஞ்சு வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள்? விருந்தாளி வீட்டுப் பிள்ளை உண்டா? பச்சைக் குழந்தை உண்டா?” என்று குழந்தையைத் தனியே கேட்டார்கள். சொட்டு மருந்து கொடுத்த பிள்ளையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். எல்லாப் பிள்ளையும் முடிந்த வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ‘பி’, ஒரு பிள்ளை பாக்கி என்றாலும் ‘எக்ஸ்’. அந்த எக்ஸ் வீடுகளுக்கு மறுபடியும் போனார்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம் எல்லாவற்றுக்கும் தனிக் குழு இருந்தது. தனியே கேட்பது, சரிபார்ப்பது, விட்ட வீட்டுக்குத் திரும்பப் போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் குழந்தை விட்டுப்போகாது.

6. செய்ய வேண்டியவை

அந்த மூன்றையும் கணக்கெடுப்புக்குக் கொண்டுவர என்ன செய்யலாம்?

முதலாவது, பயிற்சி. எல்லாப் பெயர்களையும் எழுதி முடித்த பின், கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு வீட்டிலும் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “கைக்குழந்தை, பெயர் வைக்காத பிள்ளை, பிரசவத்துக்கு வந்த மகளோட குழந்தை, இங்கே வளர்ற பேரப்பிள்ளை, சொந்தக்காரங்க பிள்ளை யாராவது இருக்காங்களா?” இதைச் செயலியில் கட்டாயக் கேள்வியாகவே வைக்கலாம், பதில் போடாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி செய்யலாம். இம்முறை வீட்டார் தாமே இணையத்தில் விவரம் பதியும் வசதியும் வருகிறது. அங்கே கேட்பதற்கு ஆசிரியை இல்லை. ஆகவே திரைதான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சரிபார்ப்பு. ஒவ்வொரு ஊரிலும் அங்கன்வாடிப் பணியாளரிடம் குழந்தைகளின் பதிவேடு இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிகளின் பதிவு இருக்கிறது. கணக்கெடுப்பு விவரத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. அவர்களுடைய பதிவேட்டை ஆசிரியர் பார்த்து, தம் பகுதியில் எத்தனை குழந்தைகளைத் தாம் சந்தித்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். எந்தப் பதிவேடும் முழுமையானதன்று; பிறப்புப் பதிவையே எடுத்துக்கொண்டால், 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் பிறப்பு பதிவானவர்கள் 89 விழுக்காடுதான். எனவே பதிவேடு நினைவூட்ட மட்டுமே. தேடுவதை அது நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாவது, மறுசுற்று. 2011இல் மார்ச் 1 முதல் 5 வரை கணக்கெடுப்பாளர்கள் எல்லா வீடுகளுக்கும் மறுபடி போய், முதல் வருகைக்குப் பின் நடந்த பிறப்பையும் இறப்பையும் திருத்த வேண்டும் என்று இருந்தது. களைத்துப்போன ஆசிரியர்கள் இந்தச் சுற்றை ஒப்புக்கு முடித்துவிடும் அபாயம் உண்டு. முதல் வருகைக்குப் பின், பிப்ரவரி 20 அன்று பிறந்த குழந்தைக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு இதுதான். இந்தச் சுற்றுக்கென்று நேரமும் உரிய மதிப்பூதியமும் ஒதுக்க வேண்டும். பள்ளி வேலையிலிருந்து அந்த ஐந்து நாளும் அவர்களை விடுவிக்க வேண்டும்.

நான்காவது, வெளிப்படைத்தன்மை. கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோர் எவ்வளவு விடுபட்டார்கள் என்பதை மாநில வாரியாக, ஆண் பெண் வாரியாக, தலைப்பிலேயே அச்சிட்டு வெளியிட வேண்டும். அளந்து சொன்னால்தான் திருத்த முடியும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர் நாளைய ஆசிரியர்கள். உங்களில் சிலர் கையில் கைப்பேசியோடு வீட்டு வாசல்களில் நிற்கப் போகிறீர்கள். வீட்டார் கார்டை நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிமிர்ந்து, உள்ளே தூளி கட்டியிருக்கிறதா, கொடியில் சின்னச் சட்டை காய்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். மற்றவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பிப்ரவரியில் உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவரிடம், அவர் கேட்காவிட்டாலும், வீட்டின் கடைக்குட்டியின் பெயரை முதலில் சொல்லுங்கள். பெயர் வைக்காவிட்டால் தாயின் பெயரைச் சொல்லி, அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்று சொல்லுங்கள். மகள் பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்தால், அவளையும் குழந்தையையும் இங்கே எழுதச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பத்தில் பிள்ளை இருந்தால், அங்கேயும் போகச் சொல்லி வழி காட்டுங்கள். அந்தக் குழந்தைகளுக்கான மையமும் மருந்தும் உணவும் அடுத்த பத்தாண்டுக்கு அந்த ஒரு பதிவை வைத்தே முடிவாகும்.